இடது தோள்

உடுமலை பேங்கில் கிளார்க்
ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினான்.
அண்ணன் வாங்கிய கடன்.
ஜாமீன் என்று போட்ட இடத்தில் என் கையெழுத்து.
பக்கத்தில் நின்று அவளும் படித்தாள்.
அதோடு சரி.
பேச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு
அமராவதி அணை தாண்டியும் ஒரு சொல் இல்லை.

ஒன்பதாறு செக்போஸ்ட்டில்
நேரம் எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள்.
ஐந்து நாற்பது.
‘எங்கயும் நிக்காத, வேகமாவும் போகாத.’
இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று
கேட்க நினைத்து, கேட்கவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு துணிப்பை.
உள்ளே பச்சைப்பயறு இரண்டு கிலோ,
மகனுக்கு வாங்கிய கேன்வாஸ் ஷூ.
மற்ற நாளில் அது ஹேண்டிலில் தொங்கும்.

வெயில் சாய்ந்து
உடைமர நிழல் கோடு கோடாய் ரோட்டில் விழும் நேரம்.
அதற்குள் எது கிளை, எது கால் என்று
என்னால் சொல்ல முடியாது.
இடது கண் எனக்குப் பாதிதான்,
கரும்பாலையில் பாகு தெறித்த வருஷத்திலிருந்து.
அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.
ரோடு எனக்கு. ஓரம் அவளுக்கு.
தோளில் ஒரு தட்டு என்றால் மான்,
இரண்டு தட்டு என்றால் பெரிசு.
பெரிசின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள்,
சொன்னால் வந்துவிடும் என்பாள்.

இன்றைக்குத் தட்டு கிடையாது என்றே நினைத்தேன்.
முள் ஐம்பதைத் தொட்டது.
தப்பு செய்தவன் நான்.
கோபம் எப்படி எனக்கு வந்தது தெரியவில்லை.

பாலம் தாண்டிய வளைவில்தான்
போன பங்குனியில் சகாயத்தின் மகன் விழுந்தான்.
ஹாரன் அடித்தானாம்.
மான் மிரண்டு துள்ளிய பக்கமே
இவனும் ஒடித்தானாம்.
தாடைக்குள் இப்போது கம்பி இருக்கிறது.
மான் எழுந்து போய்விட்டது என்கிறார்கள்.
எவ்வளவு தூரம் போனது என்று
யாரும் சொல்வதில்லை.

அங்கேதான் விழுந்தது.
இடது தோளில், ஒன்று.
தட்டு இல்லை அது, அறை.

கை தானாக ஆக்சிலேட்டரை விட்டது.
கட்டைவிரல் ஹாரனை விட்டு விலகியது.
இரண்டு பிரேக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்,
ஓரத்து மணலுக்குள் இறங்காமல்,
வந்த கோட்டிலேயே நின்றோம்.

பெண் மான்.
நடு ரோட்டில் குளம்பு வழுக்கிச் சமாளித்து
எங்களைப் பார்க்காமலே கடந்தது.
கடந்துவிட்டது என்று கிளட்சை விட்டேன்.
தட்டு.
நின்றேன்.

காடு அசையவில்லை.
பின்னால் வந்த தக்காளி லாரி
லைட்டைத் தூக்கித் தூக்கி அடித்தது.
பேச்சி திரும்பி
உள்ளங்கையைக் கீழே, கீழே என்று காட்டினாள்,
கொதிக்கும் சோற்றுக்குத் தீயைக் குறைக்கச் சொல்வது போல.
என்ன புரிந்ததோ, இறக்கிவிட்டான்.

பிறகு வந்தது இரண்டாவது.
அதன் வயிற்றை ஒட்டி மூன்றாவது,
நேற்றுத்தான் நடக்கத் தொடங்கியது போல்.
வெள்ளைக் கோட்டை முகர்ந்து பார்த்தது.
நக்கிப் பார்த்தது.
தார் ருசிக்கவில்லை போலும், தும்மியது.

அவள் கை என் தோளிலேயே இருந்தது.
எனக்காக இல்லை,
நான்காவதற்காக.
நான்காவது வரவில்லை.
கொஞ்ச நேரம் அதற்கும் காத்திருந்தோம்.

சின்னாற்றில் கார்டு சீட்டைப் பார்த்தார்,
வாட்சைப் பார்த்தார்.
‘எந்தா இத்ர வைகியது?’
நான் வாய் திறப்பதற்குள்
‘மான்’ என்றாள் பேச்சி.

பையை எடுத்து ஹேண்டிலில் மாட்டினாள்.
பிறகு, என்னிடம் இல்லை,
வண்டியின் கண்ணாடியிடம் கேட்டாள்:
‘இன்னும் எவ்வளவு பாக்கி?’

சொன்னேன்.
மறையூருக்கு
இன்னும் பதினாறு கிலோமீட்டர் இருந்தது.