சில்லறைச் செலவு

நாற்பதாம் ஆண்டு மலருக்கு
மூன்று பக்கம் வரலாறு வேண்டுமாம்.
படம் நிறைய இருக்கு, எழுத்து கம்மியா இருக்கட்டும் என்று
தலைவர் போனை வைத்துவிட்டார்.
கணக்கு எழுதுகிறவன் நான்.
எனக்குத் தெரிந்த வரலாறெல்லாம்
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.

முதல் பேரேட்டின் முதல் வரி:
பூட்டு ஒன்று, சாவி ஆறு.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் பின்னால்
ஆசிட் வாடை போகாத அறை.
ஜங்ஷன் பார்சல் ஆபீஸ் எமல்டா
வாடகையைத் தன் சம்பளத்தில் கட்டினாள்.
மூட்டைகளுக்கு நடுவே மூட்டையாய்த் தூங்கிய
ஆறு பையன்களுக்கு
ஆளுக்கொரு சாவி.
மறுமாதச் செலவு: சாவி நாலு, எட்டு ரூபாய்.
அதற்கும் மறுமாதம்: சாவி மூன்று.

பதிவு செய்யப் போன அன்று
சங்கத்தின் பெயர் என்ன என்றார்களாம்.
அதை யாரும் யோசித்திருக்கவில்லை.
சாவி வீடு, என்றான் நஞ்சுண்டன்.
பட்டறையில் பற்றவைக்கிறவன்,
வயது பதினாறு,
படிவத்தில் பதினெட்டு.

வந்தவர்கள் எல்லாரும் பொய்ப்பெயர் சொன்னோம்.
ஊர் கேட்டால் வழியில் பார்த்த ஸ்டேஷன்.
நான் ஜோலார்பேட்டை என்றேன்.
அப்பா பெயரை
எதிர்ப் பாத்திரக்கடைப் பலகையிலிருந்து எடுத்தேன்.
ரேஷன் கார்டில் இன்னும் அவர்தான்.

தொண்ணூற்று நாலு, ஆடி.
எல்லாரும் குகைக்கு வண்டி வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள்.
எனக்குக் காய்ச்சல், சுவரோரம் கிடந்தேன்.
அவன் வந்தான். விளக்குப் போடவில்லை.
தகரப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியவன்
நான் விழித்திருப்பதைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு
நழுவிக் கிடந்த போர்வையை
என் காலுக்கு இழுத்துவிட்டுப் போனான்.

ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
போலீசுக்குப் போகலாம் என்றார் பொருளாளர்.
எமல்டா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
பேரேட்டைத் திறந்து எழுதினாள்:
சில்லறைச் செலவு, 1,140.

ஆடிட்டர் விடுவாரா?
சில்லறைன்னா ஐம்பதுக்குள்ள இருக்கணும், மேடம்.
வவுச்சர் எங்கே?
அங்கேயே உட்கார்ந்து ஒன்று எழுதினாள்.
பெற்றவர் என்ற இடத்தில்
பெயர் தெரியும்.
கையெழுத்து என்ற இடத்தில்
வெள்ளைத் தாள்.

அப்புறம் வெளிநாட்டுப் பணம் வந்தது.
கூடவே பயனாளி என்ற சொல் வந்தது.
ஐந்து ரோடு பக்கம் இரண்டு மாடி, டைல்ஸ்.
போட்டோ எடுக்கையில் சிரிக்காதே என்றார்கள்,
அடுத்த வருடம் சிரிக்கச் சொன்னார்கள்.
பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை என்ற விதியை
கிச்சிப்பாளையத்து ஷம்ஷாத்
பதினொரு ராத்திரி படிக்கட்டில் படுத்து மாற்றினாள்.
கமிட்டித் தீர்மானத்தில் அவள் பெயர் இல்லை.
கோரைப்பாய் ஒன்று, முப்பத்தைந்து ரூபாய் என்று
பேரேட்டில் இருக்கிறாள்.

பணம் நின்றது. மாடியை விற்றோம்.
எமல்டாவை அடக்கம் செய்த ஐப்பசியிலேயே
கமிட்டி இரண்டானது.
அவர்கள் பீரோவையும் பெயர்ப்பலகையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
மறுபடி செவ்வாய்ப்பேட்டை,
மறுபடி அதே வாடை.
மழை பிடித்தால் திருமணிமுத்தாறு
சாயமும் சாக்கடையுமாய்
வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

இதில் எதை மலரில் போட?
வவுச்சரைப் போட்டால் ஆடிட்டர் செத்துப்போனவர்,
பிரச்சினை இல்லை.
அவன் இருக்கிறானா, தெரியாது.
ஒருமுறை ஓமலூர் டோல்கேட்டில் லாரியில் பார்த்த மாதிரி.
அவனாக இருக்காது.

பத்தே முக்காலுக்குக் கதவு தட்டினார்கள்.
ரயில்வே போலீஸ், கூட ஒரு பொடியன்.
உதட்டில் பஃப்ஸ் துணுக்கு.
ஊர்?
விழுப்புரம்.
அப்பா பேரு?
என் தலைக்கு மேலே
ஜவ்வரிசி மண்டிக் காலண்டரை நிதானமாகப் படிக்கிறான்.
அருணாசலம், என்கிறான்.
அண்டு சன்ஸை விட்டுவிட்டான்,
கெட்டிக்காரன்.

எழுதிக்கொள்கிறேன்.
சாவி ஒன்று, நாற்பது ரூபாய்.
வரலாறு மூன்று பக்கமும் வெறுமையாய்க் கிடக்கிறது.
காலையில் தலைவர் கூப்பிடுவார்.