காப்பாற்றவா?

பத்தூமியில் நவம்பர் என்றால் மழை என்று பொருள்.
கோட்டின் உள்பையில் பென்டிரைவை ஒளித்துக்கொண்டு
ஏதோ கடத்தல்காரனைப் போல
நெஸ்தானின் மாடிக்கு ஏறினேன்.

மூன்று மினிபஸ்களின் வரவு செலவும்
கீல் உடைந்த அந்த மடிக்கணினியில்தான்.
திரையின் மூலையில் எட்டு வருடமாய் ஒரு வரி:
'இது அசல் பிரதி அல்ல.'
"பழகிவிட்டது" என்றாள்,
"மாமியாரும் என்னை அப்படித்தான் பார்க்கிறார்."

ஒரு ரொட்டி விலைக்குச் சந்தையில் வாங்கிய குறுந்தகடு.
"இதுவும் ஏறக்குறைய இலவசம்தானே?"
கட்டணம் இல்லாதது வேறு
கட்டு இல்லாதது வேறு என்று தொடங்கினேன்.
"பிரசங்கம் வேண்டாம். செருகு."

நகலெடுத்தோம்:
கணக்கு, வரி ரசீது, பெயரிடாத நூறு படங்கள்.
அழிக்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன்.
மூன்றாம் முறை அவளே பொத்தானை அழுத்திவிட்டாள்.

கொழுந்தன் தாரியேல் கதவில் சாய்ந்தபடி
பிரிண்டர் ஓடாது பார் என்றான்.
ஓடவில்லை.

இதுவரை நான்கு பேரை மாற்றியிருக்கிறேன்.
மூவர் பழையதற்கே போய்விட்டார்கள்,
ஒருவன் என்னோடு பேசுவதில்லை.
அடுத்த வாரம் அவள் அழைத்தபோது
திட்டத்தான் என்று நினைத்தேன்.

"கணக்கை மூடும்போதெல்லாம்
'காப்பாற்றவா?' என்று கேட்கிறதே,
கருங்கடலில் விழுந்தவனைக் கேட்பதுபோல!
'சேமிக்கவா' என்றல்லவா இருக்க வேண்டும்?
எவன் எழுதினான் இதை நம் மொழியில்?"
யாரோ ஒருவர், சம்பளமில்லாமல்.
"திருத்தலாமா?"
திருத்தலாம்.
"யாரைக் கேட்டு?"
கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது எனக்கு.
எழுதி அனுப்பு, படித்துப் பார்த்துச் சேர்ப்பார்கள்.

அன்றிரவே அனுப்பினாள்.
கூடவே இன்னும் பதினேழு திருத்தங்கள்,
ஒரு காற்புள்ளி உட்பட.

இப்போது சுக்தீதியில் எங்கோ
ஓர் ஆசிரியை மதிப்பெண் பட்டியலை மூடும்போது
நெஸ்தானின் சொல் கேட்கிறது.
பத்து வருடம் நானும் அந்தக் கேள்வியைப் பார்த்தவன்தான்,
ஊரெல்லாம் விடுதலை பேசித் திரிந்தவன்.
ஒரு காற்புள்ளிகூடக் கொடுத்ததில்லை.

பிரிண்டர் இன்னும் ஓடவில்லை.
மாதக் கடைசியில் என் வீட்டுக்கு வந்து
அச்செடுத்துப் போகிறாள். காகிதமும் என்னுடையதே.

என் கணினியை மட்டும் நான் புதுப்பிக்கவில்லை.
ராத்திரி எதையாவது மூடப் போனால்
பழையபடியே கேட்கிறது: காப்பாற்றவா?
ஆம் என்று அழுத்துகிறேன்.