சில்லறை பாக்கி

இருபத்தோரு வருடம்
நாக்கில் விரல் தொட்டுத்தான் டிக்கெட் கிழித்தேன்.
கண்ணை மூடினாலும்
கட்டைவிரலுக்கு வாய்க்கு வழி தெரியும்.
தொற்று வந்த வருடம்
டிப்போவில் ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள்,
உள்ளே நனைத்த ஸ்பாஞ்சு.
ஆறு பத்து மஞ்சூர் வண்டியில்
அந்த ஸ்பாஞ்சும் விறைத்துக் கிடக்கும்.

சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு.
உத்தரவு போட்டவர்
ஜனவரியில் லவ்டேல் பக்கம் வந்தவராக இருக்க முடியாது.
புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல் உறைபனி.
போஜன் மூடுவார். சிவபாக்கியம் திறப்பாள்.
"சளியில சாகறதா, தொத்துல சாகறதா,
நீயே ஒரு டிக்கெட் எழுதிக் குடு" என்பார் போஜன்.
"பாலாடாவுல கேரட்டையே
மூணு தண்ணியில அலசறோம்,
எங்களை அப்படியே ஏத்தறீங்க" என்பாள் அவள்.
இரண்டுக்கும் என்னிடம் ரேட் இல்லை.

கம்பியைத் தொடாமல் நிற்க
ஆளுக்கொரு வித்தை.
முழங்கை மடிப்பில் கோத்துக்கொள்வார்கள்,
முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வார்கள்.
பாலிடெக்னிக் பையன் ஒருவன்
குடையின் வளைந்த பிடியை மேல்கம்பியில் மாட்டி
அதில் தொங்கிக்கொண்டே வருவான்.
வளைவில் வாந்தி வரும் பிள்ளைக்கு
முன்பெல்லாம் மடி மாறி மடி மாறி
எலுமிச்சம்பழம் ஒன்று போய்ச் சேரும்.
அந்த வருடம் யாரும் நீட்டவில்லை,
நீட்டினாலும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

கைகாட்டி தாண்டி ஒரு இருமல்.
ஒன்றே ஒன்று.
வளைவே இல்லாத இடத்தில்
பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது.
பிரவுன் ஸ்வெட்டர். மூக்குவரை துணி.
ஃபேக்டரியில் தூள் சலிக்கிறவள் என்று தெரியும்,
பெயர் தெரியாது.
தேயிலைத் தூசி தொண்டையில் அடைத்தாலும்
சத்தம் இதேதான்.
அதை நான் சொல்லியிருக்கலாம்.

"இங்கியே எறங்கிக்கறேன்" என்றாள்.
டிக்கெட் மஞ்சூர்வரை.
இன்னும் ஆறேழு கிலோமீட்டர், சுற்றிலும் மூடுபனி.
மாஸ்க்கை இறக்கி விசில் கொடுத்தேன்.
அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால்
என் திறந்த வாயை யாரும் பார்க்கவில்லை.
அடுத்த டிக்கெட்டுக்குக் கட்டைவிரல்
பழைய வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தது,
அதையும்.

போஜன் தன் சன்னலைத் தானே திறந்துவிட்டார்.

அன்று ராத்திரி வண்டிக்கு மருந்தடிக்கிறவரிடம்
அவள் உட்கார்ந்த சீட்டுக்கு
இரண்டு தரம் அடிக்கச் சொன்னேன்.
என் சீட்டுக்கு ஒன்று போதும் என்றேன்.
பையை எண்ணும்போதுதான் நினைவு வந்தது,
அவள் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்:
பாக்கி இருபத்திரண்டு.

இரண்டு பத்து, ஒரு இரண்டு ரூபாய்க் காசு.
காசை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
பேப்பரில் மடித்துப் பையின் ஓரத்தில் செருகி,
மாஸ்க்கெல்லாம் போன பிறகும்
பிரவுன் ஸ்வெட்டர் ஏறினால் கேட்பேன்,
"உங்களுக்குப் பாக்கி எதாவது?"
இல்லை என்பார்கள். சிலர் சிரிப்பார்கள்.
ஒருத்திக்குக் கோபமே வந்துவிட்டது.

போன மாதம் ஒருத்தி,
"ஆமா, இருக்கு" என்றாள்.
"டிக்கெட்டு?"
"அதெல்லாம் வெச்சிருப்பாங்களா?"
துணி இல்லாத முகம். எனக்குப் புது முகம்.
அந்த இருமலைக் கேட்டால் தெரியலாம்;
இருமு என்று எப்படிக் கேட்பது.
மடிப்போடு கொடுத்தேன்.
பத்தும் பத்தும் ஒட்டிக் கிடந்தன.
நாக்கில் விரல் தொட்டுப் பிரித்தாள்.

"ரெண்டு ரூவா கொறையுதே."

பையின் மூலையில்
என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.
சில்லறையும் இல்லை.
புது டிக்கெட்டைத் திருப்பி
முழங்காலில் வைத்து எழுதினேன்:
பாக்கி இரண்டு.