மண்டபத்தில் இன்று யாருக்கும் கல்யாணம் இல்லை

இரவு ஷிஃப்ட் முடிந்து
ஆலை பஸ்ஸில் ஏறாமல்
சாலையைக் கடந்து டவுன் பஸ் பிடித்தேன்.
வீட்டுக்கு ஃபோன்: "ஓ.டி. போட்டுட்டாங்க."
பொய் மூன்று சொல்கூட ஆகவில்லை.

சூரமங்கலத்தில் ஒரு மாடி மண்டபம்.
நேற்றைய கல்யாணத்துக்குக் கட்டிய வாழை
இன்னும் வாடவில்லை.
அதன் இடுப்பில் ஓர் அட்டை:
பலகை ஆட்டப் போட்டிகள்.
முதல் சுற்று ஒன்பதரை. தாமதித்தால் தோல்வி.

மணமேடையில் தெர்மாகோல் மயில்கள்,
நடுவே புள்ளி எழுதும் மேசை.
பந்தி வரிசையில்
இலை விழ வேண்டிய இடமெல்லாம்
அறுகோணக் காடுகள், வயல்கள், ஒரு பாலைவனம்.

முதல் சுற்றில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைக்காரர்
கண்ணபிரான்.
"ஒரு இரும்புத்தாதுக்கு மூணு ஆடு.
இன்னிக்கு நெலவரம் அப்படிங்க."
பதினெட்டு வருடமாய்த் தகடு உருட்டுகிறவன் நான்.
மாடி ஜன்னலில் படுத்துக் கிடக்கிறது கஞ்சமலை.
கையில் ஒரு சீட்டு இரும்பு இல்லை.
கொடுத்தேன் மூன்று ஆடு.
அந்த ஒரு தாதில் நகரம் எழுப்பி
அவரைத் தாண்டினேன்.
எடை பார்ப்பதுபோல்
என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

இரண்டாம் சுற்றில் பொன்னம்மாபேட்டைச் சிறுமி,
பல்லில் கம்பி.
"விதிப்புத்தகம் ஏழாம் பக்கம், அங்கிள்."
நடுவர் பிரித்துப் பார்த்தார், ஏழாம் பக்கம்தான்.
அவள் அம்மா தயிர்சாத டப்பாவோடு வந்து நின்றபோது
ஒரு கட்டையை மறந்தாள்.
ஜெயித்தேன்.
பெருமைப்பட ஒன்றுமில்லை.

மதியம் தட்டுவடை செட்.
பீட்ரூட் கையோடு சீட்டைத் தொட்டால்
ஐந்து புள்ளி கழிவு என்று மைக்கில் சொன்னார்கள்.
கழுவிவிட்டு, மாப்பிள்ளை அறைத் தரையில்
பத்து நிமிடம் கண் மூடினேன்.
இமைக்குள்ளும் உருளைகள் ஓடின,
சிவந்த தகடு
சிவந்த தகடு
யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

அரையிறுதி. நான்காம் மேசை.
பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கல் அட்டிகை.
நேற்றைய விருந்தாளி ஒருத்தி
வீட்டுக்குப் போக மறந்துவிட்டாள் என நினைத்தேன்.
சட்டையில் குத்தும் பெயர்ச்சீட்டை முந்தானையில் குத்தியிருந்தாள்:
அமிர்தகலா, ஓமலூர்.
சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னாள்,
"கல்யாணம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.
மண்டபம் நெசந்தானே?"
நான் என் ஓ.டி.யைச் சொன்னேன்.
சிரித்த சிரிப்பில்
நடுவர் ஒருமுறை மேசையைத் தட்டினார்.

ரயில்பாதை போடும் ஆட்டம்.
ஏழு சிவப்புச் சீட்டு சேர்த்து வைத்து
ஒரே ஒரு குகைக்காகக் காத்திருந்தேன்.
அவள் இரண்டு பெட்டிகளை வைத்து
வாயை அடைத்தாள்.
"தெனமும் கேட்ல நின்னு பழகினவங்க நாங்க,
யார் எங்க போகணும்னு
மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்."
மூன்று புள்ளியில் தோற்றேன்.
தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
சொல்லிக்கொள்ளவில்லை.

இறுதியில் அவளையும் யாரோ வென்றார்கள்.
இரண்டாம் பரிசுக் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி
காவலாளியிடம் கேட்டாள்:
"தாம்பூலப் பை ஏதாவது மிச்சம் இருக்குங்களா?"
சாமான் அறையில் பதினொன்று இருந்தன.
ஒன்றை எடுத்துத் தேங்காயைக் குலுக்கிப் பார்த்தாள்,
தண்ணீர் இருந்தது.
மணமக்கள் பெயரை
இருமுறை வாய்விட்டுப் படித்தாள்,
ஆட்டவிதியை மனப்பாடம் செய்வதுபோல்.
கோப்பை தேங்காய்க்கு அடியில் போனது.
பஸ் ஏறும்போது கையசைக்கவில்லை,
பை கனம்.

எனக்கு மூன்றாம் பரிசு:
ஆறு பகடைகள், கண்ணாடிபோல் பச்சை.
டிபன் கேரியரின் கீழ்த்தட்டில் போட்டேன்.
டவுன் பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும்
எனக்காக ஒருமுறை உருட்டுகிறது.
பக்கத்து ஸீட்காரர் கேரியரைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்.

இன்றைக்குக் கேரியரை
நானே கழுவ வேண்டும்.
அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.