நான்கு குமிழ்கள்

பத்தரைக்கு வருவதாகக் கடிதத்தில் இருந்தது.
லோஜினி எட்டு மணிக்கே
பச்சைச் சட்டையை எடுக்கச் சொன்னாள்.
இடக்கையை நுழைக்க ஒரு ரயில்.
ஆறு பொத்தானுக்கு மூன்று ரயில்.
எங்கள் ஜன்னலை உரசுவதுபோல்
தலைக்கு மேல் தொங்கிப் போகும் வூப்பெற்றால் ரயில்,
நாலு நிமிடத்துக்கு ஒன்று.
மணிக்கூடு பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

செய்வதையெல்லாம் எழுதி வையுங்கள் என்று
ஆலோசனை நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.
எழுதினேன்.
குளிப்பாட்டல்: ஐந்து ரயில்.
(வெட்டிவிட்டு, இருபது நிமிடம்.)
இரவு மூன்று மணிக்கு எழும்பி
மூச்சு வருகிறதா என்று குனிந்து கேட்பதற்கு
எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது?

பக்கவாதம் வந்த இரவில்
லோஜினியின் டொச் போய்விட்டது.
பத்தொன்பது வருடம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில்
சண்டை பிடித்த, பகிடி விட்ட, சம்பள உயர்வு கேட்ட டொச்.
தமிழ் மிஞ்சியது,
அதுவும் வாயின் ஒரு பக்கத்தால்.
ஆகவே மொழிபெயர்ப்பாளனும் நான்தான்.
காசு கேட்டு விண்ணப்பித்தவனும் நான்தான்.

பிரிங்க்மான் அம்மா
சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.
அதற்காகவே லோஜினிக்கு அவளைப் பிடித்துக்கொண்டது.
தலை வாருவீர்களா?
“ஓம்.”
படி இறங்குவீர்களா?
“இவர் நித்திரையில இருக்கேக்க
நான்தான் கீழ போய்க் கடிதம் எடுத்து வாறனான்.”
சமையல்?
“சொல்லுங்கோ அவவுக்கு,
நேற்றும் நான்தான் கணவாய்க் கறி வைச்சனான் எண்டு.”
மடியில் கிடந்த இடக்கையை
வலக்கையால் தூக்கி மேசையில் வைத்தாள்,
விருந்தாளிக்குப் பூச்சாடி வைப்பதுபோல.

வீட்டுக்குக் கணவாய் வாங்கி இரண்டு வருடம்.
என் வாயில் இரண்டு வசனம் நின்றன.
ஒன்று உண்மை. அதற்குத்தான் காசு.
மற்றது அவள் சொன்னது.
அவள் முன்னால் இருந்துகொண்டே
அவளுக்கு இப்போது விளங்காத மொழியில்
அவளை ஏலாதவள் என்று சொல்ல எனக்கு வரவில்லை.
நேற்றுக் கணவாய்க் கறி வைத்தாவாம், என்றேன்.

பேனை நின்றது.
அடுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

குசினியில் அடுப்பு மொட்டையாக நின்றது.
குமிழ் இருந்த இடங்களில் நாலு இரும்புக் காம்பு.
துவாய் ஒன்று எரிந்த நாளிலிருந்து
இரவு வேலைக்குப் போகும்போது
கழற்றிக்கொண்டு போவேன்.
அன்று திருப்பிப் பூட்ட மறந்துபோனேன்.
ஜாக்கெட் பைக்குள் அவை
ஒன்றோடொன்று முட்டிக் கிலுங்கின.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நீளமாக ஏதோ எழுதினாள்.

மூன்றாம் படி கிடைத்தது.
ஏறுவதும் படி, அரிசி அளப்பதும் படி,
சம்பளத்துக்கு மேல் தருவதும் படி.
இந்தப் படி எது என்று
இன்னும் எனக்குச் சரியாகத் தெரியாது.
காசு அவள் பெயருக்குத்தான் வருகிறது, சட்டம் அப்படி.
வந்ததும் வங்கி அட்டையை என்னிடம் நீட்டி
“இந்தாங்கோ, உங்கட சம்பளம்” என்பாள்
ஒரு முதலாளிச் சிரிப்போடு.
ஒருநாள் அதை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தேன்.
பாண் தொழிற்சாலையில் இரவில் தட்டுக் கழுவுகிறவன்
என்னைவிடப் பெரிய பணக்காரன்.
அவனும் நான்தான்.

வியாழக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம்
எம்ரே என்றொரு பொடியன் வருகிறான்.
அதுவும் அந்தக் கடிதத்தோடு வந்த உரிமை.
எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்றான் முதல் நாள்.
எங்கே?
தொங்கு ரயிலில் ஏறி
கடைசித் தரிப்பு வரை நித்திரை கொண்டேன்.
திரும்பி வரும்போது எங்கள் ஜன்னல் வந்தது,
உள்ளே விளக்கு எரிந்தபடி.
லோஜினி கரண்டியை ஆட்டி ஆட்டி
அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்,
தமிழில்தான், வேறு எதில்.
அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.
கணவாய்க் கறியாக இருக்கும்.

கையைப் பைக்குள் விட்டுப் பார்த்தேன்.
நாலும் இருந்தன.
இன்னும் நாற்பது நிமிடம் கிடந்தது.
பத்து ரயில்.