பச்சையா, பழுத்ததா

குடியாத்தத்துத் தீப்பெட்டி ஆலையில்
வளைந்தது, பிளந்தது, நுனி நொறுங்கியது என்று
கழித்துப் போட்ட குச்சிகளை
மூட்டை நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.
மருந்து தொடாத தலைகள்.
கோழிக் கொட்டிலில் சாண் உயரம் பரப்பினேன்.

பதினேழு கோழிகள்
ராவெல்லாம் கழியில் அமர்ந்து கழிந்தன,
பகலெல்லாம் இறங்கிக் கிளறின.
ஆறு மாதம் நான் துடைப்பம் எடுக்கவில்லை.
ஆம்பூரில் பதினோரு வருடம்
ஷூவின் மேல்தோலுக்கு ஊசி ஓட்டியவளுக்கு
இன்னொருவர் வேலை செய்ய
பார்த்துக்கொண்டு நிற்பது புதுசு.

ஆடிக் கடைசியில் ஒரு ராத்திரி மழை.
தகரம் ஒழுகி எல்லாம் ஊறிவிட்டது.
காலையில் கொட்டிலுக்குள் கண் திறக்க முடியவில்லை,
மூக்குத் தண்டில் உப்பும் ஊசியும்.
நாற்பத்திரண்டு கூடை.
சுமந்து வந்து புங்கமரத்தடியில் கொட்டினேன்.
வேலிக்கு அந்தப்பக்கம் முனிரத்தினம்,
துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு:
“இன்னாமே, பொணம் கிணம் வச்சிருக்கியா உள்ள?”

வைத்திருந்தேன்.
முந்தின நாள் கீரி கடித்த செவலைப் பெட்டையை
குவியலின் நடு வயிற்றில்.
சொல்லவில்லை.

மிச்சமிருந்த காய்ந்த குச்சி மூட்டையைப் பிரித்து
ஈரத்துக்கு ஒரு அடுக்கு, காய்ந்ததுக்கு ஒரு அடுக்கு,
நடுநடுவே கடலைத் தோல்.
நாற்றம் ரெண்டு நாளில் அடங்கியது.
மூன்றாம் நாள் விடியலில்
குவியலின் தலையில் ஆவி.
கடப்பாரையை நடுவில் செருகி
நூறு எண்ணி உருவினேன்.
பிடிக்க முடியவில்லை, போட்டுவிட்டேன்.
தீப்பெட்டியில் சேராத குச்சிகள்
தீ இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன.

அஞ்சு நாளைக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்,
வெளியே கிடந்தது உள்ளே போக,
உள்ளே வெந்தது வெளியே வர.
நாலாவது முறை புரட்டும்போது
கை நின்றுவிட்டது.

என்னையும் புரட்டியிருக்கிறார்கள்.
எனக்கு முன்னால் மூன்று பேர் தங்கவில்லையாம்.
நான் பிறந்த மூன்றாம் நாள்
முறத்தில் போட்டு எருக்குழிக்குக் கொண்டுபோய்
ஒரு புரட்டுப் புரட்டி
குப்பம்மாள் என்று தூக்கி வந்தார்கள்.
குப்பையை எமன் எடுக்க மாட்டானாம்.
எடுக்கவில்லை.
ஆனால் ஆம்பூர்க் கம்பெனியில்
லைன் சூப்பர்வைசர்
அம்மாளை விழுங்கிவிட்டு மீதியைக் கூப்பிடுவான்.
நான் திரும்ப மாட்டேன்.
என் மிஷின் மட்டும் நிற்கும்.

எருக்குழி என்று சொன்னவர்கள்
எந்த மாசத்து எரு என்று சொல்லவில்லை.
பழுத்ததில் புரட்டினார்களா, பச்சையிலா?
பச்சை எரு பட்டால் வேர் கருகும்.
நான் கருகவில்லை.
கொஞ்சம் கருகித்தான் இருக்கிறேனோ,
அடுப்படியில் தனியாகச் சாப்பிடும்போது
அப்படியும் தோன்றும்.

கார்த்திகையில் சலித்தேன்.
குச்சி இல்லை, எச்சம் இல்லை, செவலை இல்லை.
அவள் காலில் நான் மாட்டிய
பச்சை பிளாஸ்டிக் வளையம் மட்டும்
சல்லடையில் நின்றது.
கழுவி ஜன்னல் கம்பியில் மாட்டினேன்.

மார்கழியில் ஒரு காலை
குவியலின் தெற்குப் பக்கம்
ஒரு தள்ளுவண்டி அளவு பள்ளம்.
தடம் வேலி வரைக்கும் போய்
வேலியைத் தாண்டியும் போனது.
கேட்கவில்லை.
மாசியில் கதவுக் கொக்கியில்
ஒரு மஞ்சப்பை தொங்கியது,
இலவம்பாடி முள்ளுக் கத்தரி, ரெண்டு கிலோ இருக்கும்.
யார் என்று எழுதவில்லை.
காம்பு முள் விரலில் ஏறியது.

அந்த வாரமே வேலியோரம் குரல்:
“குப்ப இருக்குதாமே?”

கோழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள்
திரும்பினேன்.
“இருக்கேன்” என்றேன்.

“எத்தினி கூட?” என்றான் முனிரத்தினம்.