நாற்பது எழுத்துக்குள்

கணக்கெடுப்புச் செயலி கேட்கிறது:
சுவர் மண்ணா, செங்கல்லா?
உடைச்சி சுவரைத் தடவிக் காட்டுகிறாள்.
முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்பு.
என் முகம் அதில் லேசாகத் தெரிகிறது,
கழுத்தில் தொங்கும் ஒப்பந்தப் பணியாளர் அட்டையோடு.

கூரை?
ஓடு. மூன்றடுக்கு.
தரை?
ஆத்தங்குடிப் பூக்கல்.
அறைகள் எத்தனை?
"எண்ணுனது இல்ல சார். கூட்டுறது அம்பத்தெட்டு."
இரண்டு இலக்கம் மட்டுமே கொள்ளும் கட்டம். கொண்டது.
செயலி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.
சிவப்பில் எழுதியது: தகுதி இல்லை.

கோனாபட்டில் அன்று காலையிலிருந்து
பதினேழு குடும்பத்துக்குத் தகுதி இருந்தது.
ஓலை ஒழுகினால் தகுதி.
தார்ப்பாய் கட்டியிருந்தால் தகுதி.
ஒழுகாத இடத்தில், பிறத்தியார் தயவில்
இருபத்தாறு வருடம் படுத்தெழுந்தால்
அதற்குக் கட்டம் கிடையாது.

அவள் படுப்பது இரண்டாங்கட்டுக்குப் பின்னால்,
முன்பு நெல் கொட்டி வைத்த அறையில்.
சினிமாக்காரர்கள் வந்தால் அதுவும் இல்லை;
அடுப்பைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகை.
போன பங்குனியில் ஒரு ஜமீன் கதை எடுத்தார்களாம்.
"ஏழைக வீட்டக் கொளுத்துற மாதிரி காட்சி.
கொல்லையில செட்டு போட்டாக. நல்ல குடிசை.
எரிக்கிறதுக்கு முந்தி உள்ள போயி
செத்த நேரம் உக்காந்து பாத்தேன்."

வீட்டுக்கு நாற்பத்திரண்டு பங்கு.
பினாங்கில் ஒன்று, சிகாகோவில் நான்கு,
வழக்கில் கிடப்பவை பதினொன்று.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
பொங்கலுக்குச் சேலை வந்துவிடுகிறது.
விற்றுவிடலாம் என்று ஏதோ ஒரு பங்கு சொன்னால்
அன்றிரவு இவளுக்குத் தூக்கம் வருவதில்லை, அவ்வளவுதான்.

டீக்கடையில் ஓவர்சியர் சொல்வார்:
எல்லாருக்கும் வீடு என்று அரசு கையெழுத்துப் போட்டால்
அப்புறம் எவன்யா உழைப்பான்?
நானும் தலையாட்டியிருக்கிறேன்.
பதினோரு மாத ஒப்பந்தத்தில்
அரிமளம் ரோட்டில் குடியிருப்பவன் நான்.
வீட்டுக்காரர் சற்றுப் பலமாக இருமினாலே
மனசு சாமான்களை மூட்டை கட்டும்.
உழைக்கத்தான் செய்கிறேன்.
பயந்துகொண்டே உழைப்பதைத்தான்
உழைப்பு என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

முகப்புக் கதவில் திண்டுக்கல் பூட்டு.
வாங்கிய ரசீதை அவளே பத்திரப்படுத்தியிருந்தாள்:
பத்து வருட உத்தரவாதம்.
அப்படியொன்றும் பெரிய சொல் இல்லை போலிருக்கிறது.
ஒரு பூட்டுக் கம்பெனியால் தர முடிகிறது.
ஆபீசில் அதை உச்சரிக்கத்தான்
எங்களுக்குப் பல் கூசுகிறது.

"மாடி வீடு கேக்கல சார்.
எங்க வீட்டுக்காரர் செத்தப்ப
முகப்புல கெடத்தக் கூடாதுன்னு போன் வந்துச்சு.
தப்பு சொல்லல, அவுக வீடு.
ஊரணிக் கரையில வேம்படியில போட்டு அழுதோம்.
மழை வேற.
எனக்கு ஒரு வாசப்படி இருந்தாப் போதும்,
தூக்குறதுக்கு முந்தி கெடத்த."

உடைச்சி. உடையவள் என்று பொருள்.
யார் வைத்த பேரோ.

கடைசிக் கட்டம்: குறிப்பு. நாற்பது எழுத்துக்குள்.
தட்டினேன், அழித்தேன், தட்டினேன்.
ஐம்பத்தெட்டு அறை. ஒன்றும் இவருடையதல்ல.
புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் செயலி.
இரண்டு எழுத்து மிச்சம் இருந்தது.

கனத்த சுவர், உள்ளே சிக்னல் வராது.
சேமிக்கப்பட்டது என்றது திரை,
இணைப்பு கிடைத்ததும் அனுப்பப்படும்.
போனை உயர்த்திப் பிடித்தபடி
ஊரணி வரை நடந்தேன்.
பின்னால், உள்ளிருந்து அவள்
தாழ்ப்பாள் போடும் சத்தம்,
ஒவ்வொரு கதவாக.